இரவுப் பயணமும் வண்டி விளக்குகளும்

குடியானவருக்குப் பொழுது சாய்ந்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. தை, மாசி மாதங்களில் அறுவடையான நெல்லைக் கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டுசெல்வதும், வெட்டிய கரும்பைக் காயாமல் ஆலையில் சேர்ப்பதும், காய்கறிகளை விடியுமுன் சந்தையில் இறக்குவதும் பெரும்பாலும் இரவிலேயே நடைபெறுகின்றன. முற்காலத்தில் இவ்வேலைகளைச் செய்துவந்த மாட்டு வண்டியின் அச்சுக்கடியில் ஓர் அரிக்கேன் லாந்தர் தொங்கிக்கொண்டிருக்கும். அதன் வெளிச்சத்தில் பாதை தெரிந்ததென்று எவரும் கூறமுடியாது. பாதையை மாடுகளே அறிந்திருந்தன. வண்டி ஒன்று இருக்கின்றதென்பதை எதிரிலும் பின்னாலும் வருகிறவர்கள் அறிந்துகொள்வதற்காகவே அந்த லாந்தர் தொங்கிற்று. இன்று மாட்டிற்குப் பதிலாக டிராக்டரும் சிறு லாரியும் வந்துவிட்டன. பாதையை அறிந்து நடக்க மாடும் இல்லை. அச்சுக்கடியில் லாந்தரும் இல்லை. ஆகவே, வழியைக் காண்பது, தன்னைப் பிறருக்குக் காட்டிக்கொள்வது என்னும் இரு காரியங்களையும் வண்டியின் விளக்குகளே செய்தாக வேண்டும்.

இவ்விஷயம் அற்பமானதன்று. மத்திய அரசாங்கத்தின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துக்கள் நேர்ந்து 1,68,491 பேர் உயிரிழந்தனர். ஒரு நாளில் மாலை 6 மணி முதல் 9 மணி வரையுள்ள நேரத்திலேயே விபத்துக்கள் மிகுதியாக நிகழ்ந்தன. அவ்வாண்டின் விபத்துக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, முன்னே சென்ற வண்டியின்மீது பின்னே வந்த வண்டி மோதியதால் ஏற்பட்டவை.

இரவில் வழி சரியாகத் தெரியவில்லை என்று தோன்றியவுடன், கடைக்குச் சென்று இருப்பதிலெல்லாம் அதிகப் பிரகாசமான பல்பை வாங்கி மாட்டுவதே பலருடைய வழக்கம். இம்முறை பெரும்பாலும் பயன் தருவதில்லை. சில சமயங்களில் அபாயத்தையும் விளைவிக்கும். முதலில் இருக்கும் விளக்கைச் சீர்செய்து, அதன் ஒளி விழவேண்டிய இடத்தில் விழும்படி திருத்தி, வண்டியின் பின்புறத்தையும் கவனித்து, அதன் பிறகே புது விளக்கைப் பற்றி யோசிப்பது நலம். ஏறக்குறைய அவ்வரிசைப்படியே விவரங்கள் கீழே தரப்பட்டுள்ளன.

வெளிச்சமும் வேகமும்

ஓட்டுகிறவர் ஒரு பொருளைக் கண்டு, பிரேக்கை மிதிப்பதற்குள் சுமார் ஒன்றரை விநாடி கழிந்துவிடுகின்றது. அதற்குப் பின்னரே வண்டி வேகம் தணிந்து நிற்கத் தொடங்குகின்றது. உலர்ந்த நல்ல சாலையில், பிரேக்கு நல்ல நிலையிலுள்ள வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், நிற்பதற்குள் ஏறக்குறைய 29 மீட்டர் ஓடிவிடும். 60 கிலோமீட்டர் வேகமாயின் 53 மீட்டர் ஓடிவிடும். வேகம் ஒன்றரை மடங்காகும்போது, நிற்கும் தூரம் ஒன்றரை மடங்காக அல்லாமல் அதற்கு மேலும் கூடுவதைக் கவனிக்க வேண்டும்.

ஓட்டுநர்கள் டிம் என்று கூறும் தாழ்ந்த ஒளியில், கறுத்த ஆடை உடுத்தி நடந்து செல்லும் ஒருவர் பெரும்பாலும் 30 மீட்டருக்குள் நெருங்கிய பிறகே கண்ணுக்குப் புலப்படுகிறார். சாலையில் படுத்திருக்கும் எருமையின் விஷயமும் அப்படியே. ஆகவே, தாழ்ந்த ஒளியுடன் 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லுகிறவர், தாம் காணும் பொருளுக்கு முன்னால் வண்டியை நிறுத்த இயலாத நிலையிலேயே சென்றுகொண்டிருக்கிறார். விளக்கு எட்டும் எல்லைக்குள் நிற்கக்கூடிய வேகமே இரவில் தக்க வேகமாகும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய விளக்கும் இவ்விதியை மாற்றாது.

கண்ணின் தன்மையையும் அறிந்திருத்தல் அவசியம். பிரகாசமான இடத்திலிருந்து இருளுக்குள் வந்த கண், இருட்டிற்கு முற்றிலும் பழகச் சுமார் அரைமணி நேரமாகும். எதிர்வண்டியின் ஒளி ஒருமுறை நேரே பட்டுவிட்டால் சில விநாடிகள் பார்வை மங்கிவிடுகின்றது. அறுபது வயதானவரின் விழித்திரைக்கு, இருபது வயதினருக்குக் கிடைக்கும் ஒளியில் மூன்றிலொரு பங்குதான் எட்டுகின்றது. ஆகையால் வயது முதிர்ந்தவர்களும் கண்புரை தொடங்கியவர்களும் விளக்கைக் குறைகூறுமுன் கண் மருத்துவரைக் கண்டுகொள்ளுதல் நன்று.

இருக்கும் விளக்கைச் சீர்செய்தல்

விளக்கின் முகக்கண்ணாடியை முதலிற் பார்க்க வேண்டும். சேற்றுழவு முடித்துக் கரையேறும் டிராக்டரின் கண்ணாடியில் படிந்த சேறு உலர்ந்து, ஒளியில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். சாலைக்கு வருமுன் ஒரு செம்பு நீரும் ஈரத்துணியும் செய்யும் உதவியை எந்தப் புது பல்பும் செய்யாது. ஆனால், எரிந்து சூடேறிய கண்ணாடியின்மீது குளிர்ந்த நீரை ஊற்றலாகாது, கண்ணாடி வெடித்துவிடும்.

இக்காலத்துச் சிறு லாரிகளிலும் கார்களிலும் கண்ணாடிக்குப் பதிலாகப் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக் முகப்பு இருக்கின்றது. இது வெயிலிலுள்ள ஊதாக்கதிர்களால் நாளடைவில் மஞ்சளித்து மங்கிப்போகும். ஆயிரம், இரண்டாயிரம் எண்ணுள்ள நீர்க்காகிதங்களால் ஒன்றன்பின் ஒன்றாக நீர்விட்டுத் தேய்த்து, மெருகிட்டு, ஊதாக்கதிரைத் தடுக்கும் தெளிந்த வார்னிஷைப் பூசினால் பழைய தெளிவு பெரும்பாலும் திரும்பிவிடும். வார்னிஷ் பூசாமல் விட்டால் சில மாதங்களில் மீண்டும் மஞ்சளித்துவிடும். உள்ளேயிருக்கும் வெள்ளிநிறப் பிரதிபலிப்பான் கறுத்தோ துருப்பிடித்தோ போயிருந்தால் அதைத் துடைத்துப் பயனில்லை. துடைத்தால் மெல்லிய உலோகப் பூச்சும் கூடவே வந்துவிடும். அவ்விளக்கை முழுதுமாக மாற்ற வேண்டியதே.

அடுத்தது மின்சாரம். ஹாலஜன் பல்பின் வெளிச்சம், அதற்குக் கிடைக்கும் வோல்ட் அளவைவிட வெகு விரைவாகக் குறையும் தன்மையுடையது. வோல்ட் அளவு நூற்றுக்குப் பத்து குறைந்தால் வெளிச்சம் நூற்றுக்கு முப்பது குறைந்துபோகும். சாதாரணமாக இரண்டு 60 வாட் பல்புகள் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கின்றன. பழைய கம்பியிலும், களிம்பேறிய இணைப்புக்களிலும், தேய்ந்த ஸ்விட்சிலும் சேர்ந்து பத்தில் ஒரு ஓம் தடை இருந்தால் போதும். வழியிலேயே ஒரு வோல்ட் செலவாகிவிடும். அதனால் மட்டும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வெளிச்சம் போய்விடுகின்றது.

இதைக் கண்டறிவது எளிது. எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, விளக்குகளை ஏற்றி, பாட்டரியின் முனைகளில் ஒருமுறையும் பல்பின் பின்புற முனைகளில் ஒருமுறையும் மீட்டரை வைத்து அளந்து பார்க்க வேண்டும். இரண்டிற்குமுள்ள வித்தியாசம் அரை வோல்ட்டிற்கு மேற்பட்டால் இணைப்புக்களைச் சுரண்டிச் சுத்தம் செய்து, எர்த் கம்பியைப் பெயிண்டில்லாத வெறும் உலோகத்தில் படியும்படி இறுக்க வேண்டும். அதன் பிறகும் குறை நீங்காவிடில், விளக்கிற்கருகே ரிலே ஒன்றைப் பொருத்தி, பாட்டரியிலிருந்து தடித்த கம்பியை நேரே அதற்குக் கொண்டுவரலாம். பழைய ஸ்விட்சு ரிலேயை மட்டும் இயக்கும். விளக்கின் முழு மின்னோட்டமும் அதன் வழியே செல்லாது. புதுக்கம்பியில் பாட்டரிக்கு அருகிலேயே பியூஸ் வைத்தல் அவசியம். பியூஸ் இல்லாத கம்பி எங்கேனும் உராய்ந்து எர்த் ஆகிவிட்டால் வண்டியே தீப்பற்றும். புது வண்டியாயின் தயாரித்தவரின் பணிமனையிலேயே இவ்வேலையைச் செய்துகொள்ள வேண்டும்.

ஒளி விழும் இடம்

விளக்கு எத்தனை நல்லதாயினும் அதன் நோக்குத் தவறினால் பயனில்லை. ஒளி உயர்ந்து நின்றால் எதிரில் வருகிறவரின் கண்ணைப் பறிக்கும். கண் கூசிய அவர் எந்தப் பக்கம் ஒதுங்குவாரென்று சொல்லமுடியாது. ஒளி மிகத் தாழ்ந்தால் சக்கரத்தின் முன்னால் மட்டுமே வெளிச்சமாகி, அப்பாலுள்ளது இருண்டுவிடும்.

நோக்கைத் திருத்தச் சமமான தரையும் ஒரு வெள்ளைச் சுவருமே வேண்டும். சக்கரங்களில் காற்றைச் சரியாக நிரப்பி, ஓட்டுகிறவரை ஆசனத்தில் அமர்த்தி, சுவருக்கு நேராகப் பத்து மீட்டர் தூரத்தில் வண்டியை நிறுத்த வேண்டும். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு கிழிக்க வேண்டும். விளக்கு 80 சென்டிமீட்டர் உயரத்திலுள்ள சிறு வண்டிக்கு அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழேயும், 120 சென்டிமீட்டர் உயரத்திலுள்ள டிராக்டருக்குப் பதினைந்து சென்டிமீட்டர் கீழேயும் இரண்டாவது கோடு கிழிக்க வேண்டும். ஒரு விளக்கை அட்டையால் மறைத்துக்கொண்டு, மற்றதன் தாழ்ந்த ஒளியின் மேல்விளிம்பு இரண்டாவது கோட்டில் படியும்படி அதன் திருகை முடுக்க வேண்டும். இவ்வாறு செய்தால் இரு வண்டிகளிலும் ஒளியின் விளிம்பு 80 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். சிறு வண்டியில் பத்துக்குப் பதிலாக முப்பது சென்டிமீட்டர் இறக்கிவிட்டாலோ 27 மீட்டருக்கு அப்பால் ஒளி செல்லாது. வண்டியின் கைப்புத்தகத்தில் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

குடியானவர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டியது பாரத்தின் விளைவாகும். இரண்டு சக்கர டிரெயிலரில் மூட்டைகளை ஏற்றியதும், அதன் பாரத்தில் ஒரு பகுதி டிராக்டரின் கொண்டியை அழுத்துகின்றது. அதனால் முன்புறம் சிறிது எழும்பி, விளக்கின் ஒளியும் மேலே ஏறிவிடுகின்றது. சிறு லாரியின் பின்பகுதியில் நெல்மூட்டை ஏற்றினாலும் இப்படியே. ஆகையால், இரவில் வழக்கமாகச் செல்லும் பாரத்துடன் வண்டியை நிறுத்தியே நோக்கைத் திருத்துவது முறையாகும்.

புது விளக்குகள்

ஹாலஜன் பல்பு ஐரோப்பாவில் 1962-ஆம் ஆண்டில் மோட்டார் விளக்குகளுக்கு வந்தது. உயர்ந்த ஒளி, தாழ்ந்த ஒளி இரண்டிற்கும் தனித்தனி இழைகளையுடைய எச்-4 என்னும் வகை 1971-இல் தொடங்கிற்று. 60, 55 வாட் இழைகளைக் கொண்ட இப்பல்பே இன்றும் ஏராளமான வண்டிகளில் எரிகின்றது. பழைய பல்பின் கண்ணாடி உட்புறம் கறுத்திருந்தால் அதே அளவுள்ள நல்ல பல்பை இரண்டு பக்கமும் ஒருங்கே மாற்றுதல் போதுமானது. அதன் கண்ணாடியை வெறுங்கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடேறி பல்பின் ஆயுளைக் குறைக்கும்.

கடைகளில் 100, 90 வாட் பல்புகளும் கிடைக்கின்றன. இவை இரண்டு சேர்ந்தால் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பத்து ஆம்பியருக்கென்று அமைந்த கம்பியும் ஸ்விட்சும் உருகிவிடும். விளக்கின் பிரதிபலிப்பானும் வெந்து கறுக்கும். நீல நிறம் பூசிய பல்புகள் வெண்மையாகத் தோன்றினும், அப்பூச்சு ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்வதால் சாலையில் விழும் வெளிச்சம் குறைவேயாகும்.

எல்.இ.டி. என்னும் ஒளியுமிழ் டையோடு விளக்கின் சிறப்பு, குறைந்த மின்சாரத்தில் அதிக வெளிச்சம் தருவதாகும். நீலநிற எல்.இ.டி.யைக் கண்டுபிடித்து வெள்ளை விளக்கிற்கு வழிசெய்த அகசாகி, அமானோ, நகமுரா என்னும் மூவருக்கு 2014-இல் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பட்டது. எல்.இ.டி.க்கென்றே முழுதும் அமைத்து, அங்கீகாரம் பெற்று, வண்டியுடன் வரும் விளக்கு மிக நல்லது. ஆனால் ஹாலஜன் கூட்டிற்குள் எல்.இ.டி. பல்பை மட்டும் செருகுவது வேறு விஷயம். ஹாலஜன் விளக்கின் பிரதிபலிப்பான், மெல்லிய கம்பியிழை இருக்குமிடத்தை மையமாகக்கொண்டு வளைக்கப்பட்டது. எல்.இ.டி. துண்டுகளின் அகலமும் இருப்பும் அதற்குப் பொருந்தாவிடில் ஒளி ஒழுங்கற்றுச் சிதறும். வண்டியின் முன்னால் பால்போல் வெளிச்சம் தோன்றும், ஓட்டுகிறவர் மகிழ்வார், தூரத்திலோ வெளிச்சம் குறைந்திருக்கும். அருகிலுள்ள மிகுதியான வெளிச்சத்தால் அவருடைய கண், தூரத்து இருளை முன்னிலும் குறைவாகவே காணும். சிதறிய ஒளி எதிரில் வருகிறவரைக் குருடாக்கும்.

அன்றியும், 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் அமைத்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. அங்கீகாரமற்ற விளக்குடன் விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் தொகை பெறுவதிலும் தகராறு உண்டாகலாம். வெளிநாட்டுப் பழைய விளக்குகளை வாங்குவோர் மற்றொன்றையும் நினைக்க வேண்டும். இந்தியாவில் வண்டிகள் இடப்புறம் செல்வதால், தாழ்ந்த ஒளி இடப்பக்கம் சற்று உயரும்படி அமைந்துள்ளது. வலப்புறம் செல்லும் நாடுகளின் விளக்கை இங்கே பொருத்தினால் அவ்வுயர்ந்த பகுதி நேரே எதிர்வண்டிக்காரரின் கண்ணில் விழும்.

வயல் வேலைக்கென்று கூரையில் வைக்கும் எல்.இ.டி. விளக்குகள் உழவிற்கும் அறுவடைக்கும் மிகவும் உதவுவன. வரப்பைத் தாண்டிச் சாலையில் ஏறியதும் அவற்றை அணைத்துவிட வேண்டும்.

வண்டியின் பின்புறம்

முன்விளக்கிற்குப் பணம் செலவிடுகிறவர்களிற் பலர் பின்புறத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பின்னால் வருகிறவருக்குத் தெரியாத டிரெயிலர், சாலையின் குறுக்கே எழுப்பிய சுவருக்கு ஒப்பாகும். மேலே கூறிய கணக்கை இங்கேயும் பொருத்திப் பார்க்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி நிற்க 53 மீட்டர் வேண்டும். விளக்கில்லாத டிரெயிலரோ 30 மீட்டரில்தான் தெரியும். மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு இவ்வித்தியாசமே உயிர். அவரும் பெரும்பாலும் அதே ஊரையோ பக்கத்து ஊரையோ சேர்ந்தவராகவே இருப்பார்.

சூரியன் மறைந்து அரைமணி நேரத்திற்குப் பின்னும், வெளிச்சம் போதாத எந்த வேளையிலும் விளக்குகள் எரியவேண்டுமென்றும், பின்புறச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்திலிருந்து தெரியவேண்டுமென்றும் 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. டிரெயிலரின் விளக்குகள் அடிக்கடி அணைவதற்குப் பெரும்பாலும் எர்த் இணைப்பே காரணம். கொண்டியும் அதன் ஊசியும் துருவும் மசகும் ஏறியவை. அவற்றின் வழியே எர்த் சரியாகக் கிடைக்காது. ஏழு முனைச் சொருகியில் எர்த்திற்கென்று தனிக்கம்பி கொடுத்து, அதை டிரெயிலரின் ஒவ்வொரு விளக்கிற்கும் கொண்டுசெல்ல வேண்டும்.

விளக்கு எரிந்தும் தெரியாமற் போவதுண்டு. கரும்பு ஏற்றிய டிரெயிலரின் பின்னால் தோகையும் நுனியும் தொங்கிச் சிவப்பு விளக்கை முற்றிலும் மூடிவிடுகின்றன. ஆலைக்குப் புறப்படுமுன் அவற்றை அறுத்துவிட்டு, பாரத்தின் கடைசி நுனியில் ஒரு சிவப்பு விளக்கைக் கட்டித் தொங்கவிட வேண்டும். வைக்கோல் பாரத்திற்கும் இதுவே விதி.

பாட்டரி இறங்கிப்போனாலும் பயன் தருவது ரிப்ளெக்டர் பட்டையாகும். தன்மேல் விழும் ஒளியை, அது வந்த திசையிலேயே திருப்பியனுப்பும் தன்மை அதற்குண்டு. முன்னால் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்ற நிறவரிசைப்படி, டிரெயிலரின் முழு அகலமும் தெரியும்படி அதை ஒட்ட வேண்டும். ஒட்டுமுன் துருவையும் மசகையும் நீக்கித் துடைக்காவிட்டால் ஒரு மழையில் உரிந்துவிடும். செலவு சொற்பம், காக்கப்படும் உயிருக்கு விலையில்லை.

டிராக்டரின் பின்னாலுள்ள உழவு விளக்கை எரியவிட்டுச் சாலையில் செல்வது பெருந்தவறு. பின்னால் வருகிறவர் அவ்வெள்ளை ஒளியைக் கண்டு எதிரில் வண்டி வருவதாக எண்ணி மயங்குவார். அன்றிக் கண் கூசி டிரெயிலரையே காணமாட்டார். வழியில் வண்டி பழுதாகி நின்றுவிட்டால், அதைச் சாலையைவிட்டு இறக்கி, ஐம்பது மீட்டருக்குக் குறையாத தூரத்தில் சிவப்பு முக்கோணப் பலகையை வைக்க வேண்டும். பச்சைக் கிளையும் கல்லும் வைக்கும் வழக்கம் நல்லதன்று. கிளை இருளில் தெரியாது; கல்லோ வண்டி போனபின்னும் சாலையிலேயே கிடந்து வேறொருவரை வீழ்த்தும்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கவை

அறுவடைக்கு முன்னால் ஒரு மாலையில் ஊரிலுள்ள டிராக்டர், டிரெயிலர்களைப் பொதுவிடத்தில் வரவழைத்து, விளக்குகளை எரியவிட்டுப் பார்ப்பது பெருஞ் செலவில்லாத காரியம். நெற்களத்தை அடுத்த ஒரு சுவரில் உயரக் கோடுகளை வரைந்து, பத்து மீட்டர் தூரத்தில் தரையில் அடையாளமிட்டு வைத்தால், எவரும் எந்த மாலையிலும் தமது விளக்கின் நோக்கைத் தாமே சரிபார்த்துக்கொள்ளலாம். தார்ச்சாலையில் தானியம் உலர்த்துவதைத் தடுக்க வேண்டும். உலர்த்துகிறவர்கள் குவியலைச் சுற்றி வைக்கும் கற்களும் கட்டைகளும் இரவில் மோட்டார் சைக்கிள்காரருக்கு யமனாகின்றன. கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் களங்களைச் சீர்செய்து கொடுத்துவிட்டு இத்தடையைக் கூறினால் குடியானவர்கள் இணங்காமலிரார்.

சுருங்கக் கூறின், கண்ணாடியைத் துடைத்தல், கம்பியைச் சீர்செய்தல், நோக்கைத் திருத்தல், பின்புறத்தைக் காட்டுதல் ஆகிய நான்கையும் முடித்தபின் புது விளக்கு வேண்டியிராத வண்டிகளே அதிகம். பழைய லாந்தர் வழியைக் காட்டியதில்லை. வண்டியை மட்டுமே காட்டிற்று. இன்றைய விளக்கு வழியையும் காட்டவல்லது. ஆயினும், லாந்தர் செய்துவந்த வேலையை அது மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்வது வண்டிக்குடையவரின் கடமையாகும்.